முகாம் முடிந்தபின் அந்தத் தாள் யாருடையது?

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு நூற்பாலையில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். கேன்டீன் ஹாலில் நான்கு மேசை போட்டிருப்பார்கள். முதல் மேசையில் பெயர், டோக்கன் நம்பர், வயது. அடுத்ததில் உயரம், எடை. மூன்றாவதில் பி.பி. கடைசி மேசையில் விரல் நுனியில் குத்தி சுகர். “சாப்ட்டாச்சாக்கா?” என்று நர்ஸ் கேட்பார். “டீ மட்டுந்தான்” என்று பதில் வரும். கேள்வியும் பதிலும் தாளில் ஏறாது. லைன் நகர வேண்டும், ஷிஃப்ட் காத்திருக்கிறது. மாலையில் தாள்களையெல்லாம் ஒரு ஃபைலில் கட்டி ஹெச்.ஆர். அறைக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த வரிசையில் ப்ளோ ரூமிலோ கார்டிங்கிலோ பல வருடம் வேலை பார்த்த ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். அவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “வார லீவு முடிஞ்சு வேலைக்கு வர்ற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதா?” பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் அப்படித்தான் தொடங்குகிறது. லீவு முடிந்த முதல் நாள் மட்டும் இறுக்கம், மறுநாள் சரியாகிவிடும். ஆகையால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு வாரம் முழுக்க நீடிக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். அதன்பின் வேலையை விட்டாலும் திரும்பாது. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நோயின் படிநிலைகளை வகுத்தார். கேள்வியோடு ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஒரு முறை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையும் சேர்ந்தால், நோய் கைமீறும் முன் பிடித்துவிடலாம். சுகரும் பி.பி.யும் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது.

ஊழியர்களின் உடல்நல அபாய மதிப்பீட்டைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான். அது உண்மையிலேயே பயனுள்ள கருவி. ஆனால் கேள்வி அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும், பதில் தொழிலாளியின் கைக்குத் திரும்பி வர வேண்டும், வந்த பதிலை வைத்து வேலையிடத்தில் ஏதாவது மாற வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் முகாம் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்த மதிப்பீட்டு முறைக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் லூயிஸ் ராபின்ஸ், ஜாக் ஹால் என்ற இரு மருத்துவர்கள் 1970-இல் இதற்கொரு கையேடு எழுதினார்கள். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, இன்னின்ன பழக்கமும் குடும்ப வரலாறும் உள்ளவருக்கு வரும் ஆண்டுகளில் என்ன நோய் வரக்கூடும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்வதே அவர்களின் நோக்கம். வினாத்தாள், சில அளவீடுகள், ஒரு மதிப்பெண், அதற்கான ஆலோசனை என்று இந்த நான்கும் சேர்ந்ததுதான் மதிப்பீடு. இரத்தப் பரிசோதனை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசியே தேவையில்லை. ஓர் இன்ச் டேப் போதும். வயது 35-க்குள் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0, 90 முதல் 99 வரை 10, நூறும் அதற்கு மேலும் 20. பெண்களுக்கு இதே எல்லைகள் பத்து சென்டிமீட்டர் குறைவு. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடி என்றால் 30. உடற்பயிற்சி, உடலுழைப்பு வேலை இரண்டில் ஒன்று இருந்தால் 20. இரண்டும் இருந்தால் 0. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-ம் அதற்கு மேலும் வருபவருக்கு அபாயம் அதிகம்.

ஒரு சூப்பர்வைசருக்கு வயது 42, இடுப்பு 94 சென்டிமீட்டர், நாற்காலி வேலை, நடைப்பயிற்சி கிடையாது, அம்மாவுக்குச் சுகர். 20, 10, 30, 10 என்று மொத்தம் 70. வயதையும் அம்மாவையும் அவரால் மாற்ற முடியாது. தினமும் நடக்கத் தொடங்கினால் பத்து குறையும். இடுப்பு 90-க்குக் கீழே இறங்கினால் இன்னொரு பத்து. எழுபது ஐம்பதாகிவிடும். எதைத் தொட்டால் எவ்வளவு குறையும் என்று ஒரு மனிதர் தன் கண்ணாலேயே பார்க்க முடிவதுதான் இந்த முறையின் பலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இரத்தக் கொதிப்பைப் போலவே இதுவும் வலிக்காமல் வளர்வது. நாளின் பெரும்பகுதியை வேலையில் கழிப்பவரை வேலையிடத்திலேயே பார்த்துவிடுவது நியாயமான வழி. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவ’மாக ஆலை வாசலுக்கு நீண்டதும் இதனால்தான்.

அளவீடு சரியாக எடுக்கப்பட்டதா என்று கவனிக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. படியேறி வந்த மூச்சோடு பி.பி. பார்க்கக்கூடாது, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்குள் டீயோ சிகரெட்டோ கூடாது, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. ஒருமுறை கூடுதலாக வந்ததை வைத்து நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. வேறொரு நாளும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட நேரம் குறிக்காத சுகர் எண்ணை வைத்துப் பெரும்பாலும் எதையும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய் என்று சந்தேகித்து உறுதிசெய்ய வேண்டும்; 100 முதல் 125 வரை இருந்தால் அது விளிம்பு நிலை.

சரி, இப்படி அளந்து சொல்லிவிட்டால் ஆரோக்கியம் கூடிவிடுமா? அமெரிக்க அனுபவம் இந்த இடத்தில் நமக்குப் பாடம். ஊழியர் ஆரோக்கியத்துக்காக நிறுவனங்கள் நடத்தும் வெல்னெஸ் திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் மூன்று டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று 2010-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. நிறுவனங்கள் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டன. அதை எழுதியவர்களில் ஒருவரான பொருளியலாளர் கேத்ரின் பெய்க்கர், ஜிருய் சாங்குடன் சேர்ந்து அதைக் கறாராகச் சோதித்தார். ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் இருபதைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கு மட்டும் திட்டம் நடத்தினார்கள். சுமார் 33,000 ஊழியர்கள், பதினெட்டு மாதம். 2019-இல் முடிவு வந்தது. உடற்பயிற்சி செய்கிறோம், எடையில் கவனமாக இருக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள். இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவானவர்கள் என்பதையும் அது காட்டியது.

இந்த முடிவைக் கேட்டு முகாமே வீண் என்று கையைக் கழுவிவிடக் கூடாது. அமெரிக்க அரசுக்கு வழிகாட்டும் நிபுணர் குழு இதை முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறது: அளந்து மதிப்பெண் சொல்வதோடு நின்றால் பயன் உண்டு என்று சொல்லச் சான்று போதாது; அதோடு தொடர்ச்சியான ஆலோசனையும் உதவியும் சேர்ந்தால் புகைப் பழக்கம், இரத்தக் கொதிப்பு போன்றவற்றில் பயன் தெரிகிறது. முகாமுக்குப் பின் மூன்றாம் மாதம் யார் வந்து பார்க்கிறார் என்பதுதான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றியது. பெரும்பாலான வினாத்தாள்கள் தொழிலாளியின் பழக்கங்களை மட்டும் துருவுகின்றன. புகைப்பீர்களா, குடிப்பீர்களா, காய்கறி சாப்பிடுகிறீர்களா, நடக்கிறீர்களா? நோய்க்குக் காரணம் உன் வாழ்க்கைமுறைதான் என்று அந்தத் தாள் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் நள்ளிரவு வரை வெளிநாட்டு கிளையன்ட் காலில் இருப்பவரிடம் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு உங்களை வீட்டுக்கு விடுகிறார்கள் என்று கேட்காமலிருப்பது சரியல்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுகின்றன. 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்ட கணக்கு இது. வேலை நேரமே ஓர் அபாயக் காரணி என்றால் வினாத்தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக்காட்டும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் முதுகுவலியும் அப்படி நிற்பதால் வருபவை. கழிப்பறைக்குப் போக ஃப்ளோர் மேனேஜரிடம் கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று. கொழுப்பு அளந்து இதற்கெல்லாம் விடை காண முடியாது. ‘எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்கிறீர்கள், கழிப்பறைக்குப் போக முடிகிறதா?’ என்ற இரண்டு வரிகள் போதும். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் அதற்கு முன்பே செய்தது. இருக்கை கேட்பது இப்போது உரிமை.

மற்ற தொழில்களுக்கும் அப்படித்தான். தறிக்கூடத்திலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை பார்ப்பவருக்குக் காது கேட்கும் திறன் சோதனை வேண்டும். இரைச்சலால் வரும் கேட்புக்குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் விழும், பேச்சு கேட்பதால் அவருக்கே தெரியாது. பேட்டரி உடைப்பவருக்கு இரத்தத்தில் ஈய அளவு. கல்குவாரியிலும் வார்ப்பாலையிலும் மணல் தூசியில் நிற்பவருக்கு மார்பு எக்ஸ்ரே. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடுபவருக்குக் கையும் மூக்கின் நடுச்சுவரும் பார்க்கப்பட வேண்டும், குரோமியம் அங்கேதான் புண் போடும். உங்கள் முகாமில் இவை இருந்தனவா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொழிலகப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பு 2020, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. விதிகளில் குறிப்பிடும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்து தருவது அதன்படி முதலாளியின் கடமை. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு இது கிடைக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. தொழில்சார் நோயைக் கண்டறியச் செய்யும் சோதனைக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. சம்பளத்தில் ‘மெடிக்கல்’ என்று கழித்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் இந்த உரிமை பழையது. தோல் பதனிடுதல், வார்ப்பாலை, எலெக்ட்ரோபிளேட்டிங், சிமென்ட், பேட்டரித் தயாரிப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987-இல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவு, அங்கே வேலைக்கு வைக்கும் முன்பும், வேலையில் இருக்கும்போது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, அந்த வேலையை விட்ட பின்பும் பரிசோதனை செய்ய வேண்டும் என்றது. பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்றும் அது சொன்னது. கல்நார் ஆலைத் தொழிலாளர் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டு, அல்லது வேலை முடிந்தபின் பதினைந்து ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நுரையீரலில் சேர்ந்த தூசி இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வெளிப்படும். அந்த நாளில் கையில் ஆதாரம் வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு நீண்ட கணக்கு.

ஆபத்தும் இந்தத் தாளிலிருந்தே வரலாம். சுகர் இருக்கிறது என்று தெரிந்ததும் நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் உள்ள இடத்திலிருந்து மாற்றிவிடுவார்களோ, கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ, மனநல மருந்து சாப்பிடுவது தெரிந்தால் பிரமோஷன் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். உண்மையை மறைத்து எழுதிய வினாத்தாள்கள் நிறைய இருப்பதற்கு இதுவே காரணம். பயம் போகாமல் உண்மை வராது, உண்மை வராத மதிப்பீடு பயன்படாது.

எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1998-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. நோயின் பெயரும் சோதனை எண்களும் மருத்துவருக்கும் தொழிலாளிக்கும் இடையே இருக்கட்டும். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது இந்த வேலைக்குத் தகுதி, தகுதியில்லை, இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி என்ற ஒற்றை வரி. நூறு பேரில் எத்தனை பேருக்கு இரத்தக் கொதிப்பு என்ற பெயரில்லாத தொகுப்பும் போகலாம்; எந்தப் பிரிவில் தூசியைக் குறைப்பது என்று முடிவெடுக்க அது உதவும். நோயாளியின் ரகசியம் காக்கும் கடமை நம் மருத்துவர்களின் நெறிமுறை விதிகளிலும் இருக்கிறது. சம்பளம் கொடுப்பது ஆலை என்பதால் அது மாறாது. எச்.ஐ.வி. சோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது, சோதனைக்கு அவரவர் ஒப்புதலும் தேவை. செல்போன் ஆப் மூலம் நடத்தும் வெல்னெஸ் திட்டங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எந்தத் தகவலை, எதற்காக, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தாள் கைக்கு வரவில்லையென்றால் முகாம் நடத்திய மருத்துவமனையிடமே எழுதிக் கேட்கலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. ஒவ்வொரு வருடத் தாளையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு வருட எண்ணைவிட, ஐந்து வருட எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் மூச்சுத்திறன் குறைந்துகொண்டே வருவது மருத்துவருக்குத் தெரியும்.

வேலையால் வந்த நோய் என்று சந்தேகம் எழுந்தால் பொது டாக்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். என்ன வேலை, எந்தத் தூசி, எத்தனை வருடம் என்பதை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாயால் சொல்லி, சீட்டில் எழுதவும் வையுங்கள். பிசினோசிஸ், சிலிகோசிஸ், ஈய நஞ்சு, இரைச்சல் கேட்புக்குறை எல்லாம் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள். தொழில்சார் நோயென்று இ.எஸ்.ஐ.யில் ஏற்கப்பட்டால் அது வேலையில் நடந்த விபத்துக்குச் சமம். சாதாரண நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம்தான். தொழில்சார் நோயால் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதம், நிரந்தரக் குறைபாடு என்றால் மாதந்தோறும் தொகை. ஒரே இருமலுக்கு எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் வருமானம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில் வந்த உரிமையைக் கோரலாம். பரிசோதனையே நடத்தாத, பதிவைக் காட்டாத ஆலையைப் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்த பாதுகாப்பு.

இவையெல்லாம் கம்பெனி ரோலில் இருப்பவருக்கு ஓரளவாவது எட்டும். தூசி அதிகமுள்ள மூலையிலும் சூடான உலைக்குப் பக்கத்திலும் இன்று நிற்பவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். முகாம் அன்று அவர்களுக்கு டோக்கன் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் வினாத்தாள் அவர்கள் மொழியில் இல்லை. சில மாதத்தில் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள், பதிவும் அங்கேயே நின்றுவிடும். இ.எஸ்.ஐ. சந்தாவை அவர்களுக்கும் முதன்மை முதலாளிதான் கட்டி, பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலிக்க வேண்டும் என்பது நீண்டகால ஏற்பாடு. அதே ஆலையின் தூசியைச் சுவாசிப்பவருக்கு அதே ஆலையின் ஸ்பைரோமீட்டரில் ஊதிப்பார்க்கும் இடமும் உண்டு. அடுத்த முகாமுக்கான பெயர்ப் பட்டியல் போடும்போது பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி முதலில் பார்க்க வேண்டியது கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை. அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டோக்கன், ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்ட ஒரு வினாத்தாள், வேலையை விட்டுப் போகும் நாளில் கையோடு எடுத்துச்செல்ல ஒரு நகல் என்று எழுதிக் கேட்டு, நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.